உள்தொடைக்கு எட்டு வாரம்

ஞாயிறு காலை வியாசர்பாடியில் கால்பந்து ஆடும்போது வலது கவட்டையில் சுரீரென்று இழுத்தது. எனக்கு இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் ஓய்வெடுத்தேன், வலி அடங்கியதும் காலை அகட்டி அகட்டி நீட்டினேன், மறுபடியும் களத்தில் இறங்கினேன். நீட்டியதால் தசை நெகிழ்ந்ததே தவிர வலுக்கவில்லை. இந்த முறை இயன்முறை மருத்துவரிடம் போனேன். முட்டிகளுக்கு நடுவே தன் கைமுட்டியை வைத்து நெரிக்கச் சொன்னார். பாதி பலம் கொடுப்பதற்குள் வலித்துவிட்டது. உள்தொடைத் தசையை வலுப்படுத்த எட்டு வாரப் பயிற்சியைத் தொடங்கினேன்.

உள்தொடையில் ஐந்து தசைகள். எல்லாமே இடுப்பெலும்பின் அடியில் தொடங்குகின்றன. நான்கு தொடையெலும்பில் ஒட்டிக்கொள்ள, ஒன்று மட்டும் முழங்காலைத் தாண்டிக் கீழே போகிறது. பாதத்தின் உட்புறத்தால் பந்தைத் தட்டுவதும், ஓடும் வேகத்தில் சட்டென்று திரும்புவதும் இவற்றின் தயவில்தான்.

முதல் இரண்டு வாரம் மொட்டை மாடியில் பாயை விரித்து ஒருக்களித்துப் படுத்தேன். மேல் காலை மடித்து முன்னே ஊன்றி, கீழ்க் காலை நீட்டியபடி தூக்க வேண்டும். ஒரு நொடியில் தூக்கி, மூன்று நொடியில் இறக்கினேன். இறக்கும்போதுதான் தசைக்கு நல்ல வேலை. இடது கால் 15 தடவை தாங்கியது. வலது காலுக்கு எட்டிலேயே நடுக்கம்.

மூன்றாம் வாரம் கோபன்ஹேகன் பிளாங்க், அதாவது ஒருக்களித்தபடி மேல் காலின் பலத்தில் உடம்பைத் தூக்கிப் பிடிக்கும் பயிற்சி. தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுப் பழைய மர ஸ்டூலில் போர்வையை மடித்துப் போட்டு, மேல் காலின் முட்டியை அதில் வைத்தேன். முழங்கையைத் தரையில் ஊன்றி இடுப்பைத் தூக்கினால் உடம்பின் பெரும் பாரம் அந்த ஒரு தொடையில் இறங்குகிறது. இடது 20 நொடி, வலது 7 நொடி. "அண்ணா, இடுப்பு தொங்குகிறது" என்று தம்பி பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் சொல்லாதிருந்தால் தவறாகவே பழகியிருப்பேன். இடுப்பு தொங்கிய பிறகு ஓடும் நொடிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

ஐந்தாம் வாரம் முட்டிக்குப் பதிலாகக் கணுக்காலை ஸ்டூலில் வைத்தேன். தாங்கும் இடம் இடுப்பிலிருந்து தள்ளிப் போகப் போக, தசை இழுக்க வேண்டிய பாரம் கூடுகிறது. மறுநாள் மாடிப்படி ஏறவே முடியவில்லை. பத்து நாள் முட்டிக்கே திரும்பினேன்.

நார்வேயில் 35 கால்பந்து அணிகளை வைத்து நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சியைச் செய்த அணிகளில் கவட்டைத் தொல்லை வரும் வாய்ப்பு 41 சதவீதம் குறைந்திருந்தது. போட்டிக் காலத்துக்கு முன் ஆறு முதல் எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள். பிறகு வாரம் ஒரு நாள். அதே கணக்கைத்தான் நானும் பிடித்துக்கொண்டேன்.

எட்டாம் வார முடிவில் கணுக்கால் நிலையில் இடது 22 நொடி, வலது 15 நொடி. கைமுட்டியை முழு பலத்தோடு நெரித்தும் வலி இல்லை. போன ஞாயிறு அரை மணி நேரம் ஆடினேன், வலது காலாலேயே பந்தைத் தட்டிக் கொடுத்தேன். அந்த ஏழு நொடி வித்தியாசம் தீரும்வரை வலது காலுக்கு மட்டும் ஒரு சுற்று கூடுதலாகச் செய்யப்போகிறேன்.