வல்லினம் கேளாத காது

03.06.2025, செவ்வாய்

அடுப்படியிலிருந்த மனைவி, "கடலையைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போயிருக்கிறாள். என் காதில் விழுந்ததோ "படலையைக் கொஞ்சம் பாருங்க" என்பது. யாரோ வந்திருப்பதாக எண்ணி, படலையைத் திறந்து, ஒருவரையும் காணாமல் மட்டக்களப்பின் கல்லடித் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடிப்பிடித்த மணம் வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. முப்பத்து மூன்று ஆண்டுகள் இலக்கணம் படிப்பித்தவனுக்குக் ககரமும் பகரமும் ஒன்றாகிப் போனதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தவள் அவள்.

05.06.2025, வியாழன்

போதனா வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டைக் கிளினிக்குக்குப் போனேன். இரண்டு காதிலும் குறும்பி இறுகிக் கிடக்கிறதாம். பஞ்சுக் குச்சியால் குடைந்து குடைந்து அதை உள்ளே தள்ளியவன் நானேதான். ஒரு வாரம் துளி மருந்து. பிறகு சுத்தம் செய்துவிட்டுத்தான் கேட்டல் சோதனை.

16.06.2025, திங்கள்

குறும்பி போன பின்னும் கடலை படலையாகவே இருக்கிறது. இன்று சோதனை. சோதித்த பிள்ளை என்னிடம் படித்த ஒருவரின் மகள் என்பது பேச்சுவாக்கில் தெரியவந்தது. "எவ்வளவு சின்னதாகக் கேட்டாலும் பொத்தானை அழுத்துங்க சேர்" என்று சொல்லி, ஒலி புகாத அறையில் என்னை இருத்தி, தாழ்ந்த 250 ஹேர்ட்ஸ் அதிர்வெண் தொடங்கி உயர்ந்த 8000 ஹேர்ட்ஸ் வரை ஒவ்வொரு காதாகச் சோதித்தாள். பிறகு ஒரு சிறிய அதிர்வுப் பெட்டியைக் காதின் பின் எலும்பில் பொருத்தி மறுபடியும் சோதித்தாள். முழுநிலவு இரவில் வாவியின் நடுவே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையைக் காதோடு சேர்த்து மீன் பாடுவதைக் கேட்போமே, அந்த மரத்தின் வேலையைத்தான் இந்தப் பெட்டியும் செய்கிறது: ஒலி காற்றில் வராமல் கெட்டிப்பொருளின் வழியே நேராக உட்காதுக்குப் போகிறது. எலும்பு வழியே நன்றாகக் கேட்டு, காற்று வழியே குறைவாகக் கேட்டால் பழுது வெளிக்காதிலோ நடுக்காதிலோ என்று கொள்ளலாம். எனக்கு இரண்டும் ஒரே அளவில் குறைந்திருப்பதால் இது உட்காதின் தேய்வு. மருந்தாலோ சத்திரசிகிச்சையாலோ திரும்பி வராது.

ஒடியோகிராம் என்ற கேட்டல் சோதனைப் படத்தில் வலது காது சிவப்பு வட்டங்கள், இடது காது நீலப் பெருக்கற்குறிகள். எனக்குக் கேட்க எவ்வளவு உரத்த ஒலி வேண்டும் என்பதைக் காட்டும் கோடு, 250 ஹேர்ட்ஸில் 25 டெசிபெலில் தொடங்கி, 4000 ஹேர்ட்ஸுக்கு வரும்போது படிக்கட்டு இறங்குவதுபோல் 70 டெசிபெலுக்குப் போய்விடுகிறது. பேச்சின் எந்த ஒலி எந்தப் பகுதியில் இருக்கிறது என்று அவள் காட்டியபோது என் வகுப்பறையே அந்தக் கடதாசியில் விரிந்தது. உயிரெழுத்துக்களின் பலமும் மகர னகரங்களின் பலமும் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கின்றன. சொல்லின் முதலில் வரும் க, ச, த, ப ஆகியவற்றை வேறுபடுத்தும் நுட்பமோ உயர்ந்த அதிர்வெண்களில், அதுவும் மெல்லிய ஒலியாக இருக்கிறது. பெயர் வல்லினம், காதுக்கு அதுவே மெலிந்த இனம். பத்து, கத்து, சத்து மூன்றும் எனக்கு 'அத்து' ஆவது இதனால்தான். உரத்துக் கத்தினாலும் பயனில்லை. கத்தும்போது பெருப்பவை பெரும்பாலும் உயிரொலிகளே. இதை மனைவிக்குச் சொல்ல வேண்டும், அவள் தொண்டையாவது மிஞ்சும்.

19.06.2025, வியாழன்

நகரத்தில் காது கேட்கும் கருவி விற்கும் ஒரு கடைக்குப் போனேன். கையிலிருந்த படத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்காமலேயே, காதுக்குள் மறைந்துவிடும் மிகச் சிறிய கருவி ஒன்றை விற்பனையாளர் எடுத்து வைத்தார். இருபது சனல், போனில் இயக்கலாம், யாருக்கும் தெரியாது. ஒன்றின் விலை என் நான்கு மாத ஓய்வூதியம். பிறகு திருத்தி அமைப்பது யார் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் தேவைப்படாது ஐயா" என்றார். எழுந்து வந்துவிட்டேன். சென்ற ஆண்டு மகன் இணையத்தில் வாங்கி அனுப்பிய பெட்டியையும் திருத்தத் தேவையில்லை என்றுதான் விற்றார்கள். அது மின்விசிறியையும் மனைவியையும் ஒரே அளவில் பெருக்கிக் காட்டியது. சனல்கள் இருந்தால் உயர்ந்த ஒலியைக் கூடுதலாகவும் தாழ்ந்த ஒலியைக் குறைவாகவும் தனித்தனியே ஏற்றலாம், அது எனக்கு வேண்டும். ஆனால் என் படத்தைப் பார்த்து ஏற்றுவதற்கு ஓர் ஆள் இல்லாவிட்டால் இருபது இருந்தென்ன, எட்டு இருந்தென்ன.

23.06.2025, திங்கள்

சோதித்த பிள்ளையிடமே ஆலோசனை கேட்டு முடிவெடுத்தேன். உள்ளே மறையும் வகை வேண்டாம்: தாழ்ந்த ஒலி எனக்கு இயல்பாகவே கேட்பதால், காதை அடைத்தால் என் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கும். காதின் பின்னால் கருவியை மாட்டி, நுனியில் ஓட்டைகள் உள்ள மென்மையான றப்பர்க் குமிழைச் செருகினால் காது திறந்தே இருக்கும். அதிலும் இரண்டு வகை. ஒன்றில் மெல்லிய கம்பியின் நுனியில் ஒலிபெருக்கி காதுக்குள்ளேயே இருக்கும். மற்றதில் அது பின்னாலேயே இருந்து, மெல்லிய குழாய் ஒலியைக் கொண்டுவரும். குறும்பி கட்டும் காதும், கடற்காற்றும், வியர்வையும் உள்ள எனக்குக் குழாய் வகையே உகந்தது. அடைத்தால் குழாயைத்தானே மாற்ற வேண்டும்.

சார்ஜ் ஏற்றுவது வசதி என்று மகன் வற்புறுத்தினான். 2022இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை அவன் மறந்துவிட்டான், நான் மறக்கவில்லை. பற்றரி வகையில் 312 என்ற மண்ணிற ஒட்டுத்தாள் பற்றரி என் விறைத்த விரல்களிலிருந்து இரு தடவை நழுவி விழுந்தது. செம்மஞ்சள் ஒட்டுத்தாள் உள்ள 13ஆம் இலக்கம் சற்றுப் பெரிது, உழைப்பதும் கூட. விலையுயர்ந்த ஒன்றுக்குப் பதிலாக நடுத்தரமான இரண்டை எடுக்கிறேன். கூப்பிடும் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அறிய இரண்டு காதும் வேண்டுமே.

02.07.2025, புதன்

பொருத்தினார்கள். சோதித்த பிள்ளை முழு அளவும் வைக்காமல் குறைத்தே வைத்திருக்கிறாள். காது பழகப் பழக ஏற்றுவாளாம். முதலில் கேட்டது என் சட்டைப்பையில் இருந்த பற்றுச்சீட்டின் சரசரப்பு. கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது முச்சக்கர வண்டியின் இரைச்சல் தாங்கமுடியாமல் இருந்தது.

06.07.2025, ஞாயிறு

தேங்காய் துருவும் சத்தம் இவ்வளவு கூர்மையானதா? பல்லி, செருப்பு, பத்திரிகைத் தாள் எல்லாம் போட்டி போடுகின்றன. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று கூட்டி வருகிறேன். பேத்தி காதுக்குமிழைப் பிடித்து இழுக்கப் பார்க்கிறாள். பற்றரியை அவள் கைக்கெட்டாத உயரத்தில் வைத்திருக்கிறேன். விழுங்கினால் பெரும் ஆபத்து.

15.07.2025, செவ்வாய்

இடப்பக்கக் கருவி கையை அருகில் கொண்டுபோனாலே விசிலடித்தது. வெளியேறும் ஒலி திரும்பவும் மைக்குக்குள் நுழைவதால் வரும் கூச்சல் அது. சோதித்த பிள்ளை சற்றுப் பெரிய குமிழைப் போட்டு, உயர்ந்த ஒலியைக் கொஞ்சம் தணித்தாள். அடுத்த வாரம் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போக இருப்பதைச் சொன்னேன். கூட்டத்துக்கென்று, முன்னால் நிற்பவரின் பேச்சை முதன்மையாக எடுக்கும் இரண்டாவது அமைப்பைச் சேர்த்துத் தந்தாள். குளத்தில் இறங்கும் முன் கழற்றி, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். "தீர்த்தமாடேக்க யாருக்கிட்ட குடுப்பீங்க சேர்?" என்று கேட்டாள், மனைவியைக் காட்டினேன்.

பற்றரியின் ஒட்டுத்தாளை உரித்ததும் காற்று உள்ளே போய் வேலை தொடங்கிவிடுவதால், திரும்ப ஒட்டி வைத்துப் பெரிய பயனில்லை. ஆகவே உரித்த தாளை அன்றைய தேதியின்மேல் நாட்காட்டியில் ஒட்டிவிடுகிறேன். முதல் தாள் ஜூலை 2இல், இரண்டாவது 13இல்; பதினொரு நாள்.