அப்பாவும் 39 கேள்வியும்

அப்பாவுக்கு பார்க்கின்சன்ஸ், அதாவது நடுக்குவாதம்னு தெரிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு. மூணு மாசத்துக்கு ஒருக்கா நியூரோ டாக்டர்கிட்ட போவோம், விரலைத் தட்டச் சொல்லுவாரு, எந்திரிச்சு நடக்கச் சொல்லுவாரு, பின்னாடி நின்னு தோளைப் புடிச்சு இழுத்துப் பாப்பாரு. மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துல போறதால அப்பா அங்க ஜம்முனு நடப்பாரு. "நல்லாத்தானே இருக்காரு, அதே டோஸ் போதும்", அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துருவோம். சாயங்காலம் மாத்திரை வேகம் குறையறப்ப பாத்ரூம் வாசப்படில கால் ஒட்டிக்கிட்ட மாதிரி நின்னுடுவாரே, அது அந்த ரூம்ல யாருக்கும் தெரியாது.

இதுக்காகத் தேடினப்பதான் பிடிக்யூ-39 கிடைச்சுது, பார்க்கின்சன்ஸ் இருக்கறவங்க அன்றாட வாழ்க்கை எப்படி இருக்குன்னு அவங்ககிட்டயே கேக்கற 39 கேள்விப் பட்டியல். ஆக்ஸ்ஃபோர்ட்ல செஞ்சு 1995ல வெளியிட்டாங்க. டாக்டருங்க உக்காந்து யோசிச்சு எழுதினது இல்ல, நோயாளிங்ககிட்ட பேசி அவங்க சொன்னதுலருந்து எடுத்த கேள்விங்க. எல்லாமே "போன ஒரு மாசத்துல எத்தனை தடவை"தான், ஒருபோதும் இல்லைன்னா 0, எப்பவுமேன்னா 4. நடமாட்டம், அன்றாட வேலை, மனசு, கூச்சம், கூட இருக்கறவங்க ஆதரவு, ஞாபகம், பேச்சு, உடம்பு வலின்னு எட்டு பிரிவு, ஒவ்வொண்ணையும் நூத்துக்குக் கணக்குப் போடணும். மார்க் ஏற ஏற கஷ்டம் ஜாஸ்தின்னு அர்த்தம்.

ஒரு ஞாயித்துக்கெழமை அம்மா கோயிலுக்குப் போனப்ப நானே தமிழ்ல சொல்லிக் கேட்டேன். அம்மா இருந்தா "எல்லாம் நல்லாதான் இருக்கு"ன்னு முடிச்சிருப்பாரு, கேள்வில மனைவியோட ஆதரவு பத்தியும் வருதே. சாப்பாட்டை வெட்டச் சிரமமான்னு ஒண்ணு இருக்கு, நம்ம வீட்டுல யாரு கத்தி வெச்சு சாப்புடறா, அதை சோத்தைப் பிசைஞ்சு வாய்க்குக் கொண்டுபோகச் சிரமமான்னு மாத்திக் கேட்டேன். நாலு பேர் முன்னாடி சாப்பிடறதைத் தவிர்த்தீங்களான்னு கேட்டப்ப அப்பா ரொம்ப நேரம் பேசல. டவராவை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, அரை டம்ளர் காப்பிதான் ஊத்துவோம் சிந்தாம இருக்கணும்னு, அதையே பாத்துட்டிருந்தாரு. அப்புறம் சொன்னாரு, போன வருஷம் ஒரு கல்யாணப் பந்தில ரசம் பக்கத்து இலைல சிந்திருச்சாம், அந்தாளு ஒண்ணும் சொல்லலியாம், இலையை மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கிட்டாராம். அதுலருந்து எந்தப் பத்திரிகை வந்தாலும் முட்டி வலின்னு சொல்லி நின்னுக்கறாரு. முட்டிக்குத் தைலம் வாங்கிக் குடுத்துட்டு இருந்தேன் நான்.

கணக்குப் போட்டா நடமாட்டம் 40க்கு 12, அதாவது 30தான். டாக்டர் பாத்தது தப்பில்ல. ஆனா கூச்சத்துல 16க்கு 13, அதாவது 81. பேச்சுல 75, குரல் சன்னமாயிருச்சு, போன்ல "சத்தமா பேசுங்க சார்"னு சொல்லிட்டு வெச்சுடறாங்க, அதனால போனையே எடுக்கறதில்ல.

அடுத்த தடவை அந்தப் பேப்பரைக் கொண்டுபோய்க் குடுத்தேன், டாக்டர் நிறுத்தி நிதானமா படிச்சாரு, எத்தனை மணிக்கு கால் நிக்குதுன்னு முதல் தடவையா கேட்டாரு, மாத்திரை நேரத்தை மாத்தினாரு, ஸ்பீச் தெரபிக்கும் எழுதிக் குடுத்தாரு. உங்க வீட்டுலயும் யாராச்சும் இருந்தா தயவுசெஞ்சு இதை ஒரு தடவை உக்காந்து கேளுங்க, தனியா கேளுங்க.

வர்ற வழில அம்மா கேட்டா, கூட இருந்து பாத்துக்கறவங்களுக்கு இந்த மாதிரி ஏதும் இல்லையான்னு. இருக்கு, 29 கேள்வி. இந்த ஞாயித்துக்கெழமை அப்பாவை வாக்கிங் அனுப்பிட்டு அம்மாவோட உக்காரப்போறேன்.