லினக்ஸில் ஓடுகிறதே, அப்புறம் என்ன?

சி மொழியில் எழுதிய பழைய கருவிகளை நெட்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் கம்பைல் செய்தால், கேர் (ஒரு பைட்டை வைக்கும் வகை) மதிப்பை அட்டவணை எண்ணாகப் பயன்படுத்துவதாக அடிக்கடி வரும் எச்சரிக்கை ஒன்று உண்டு, பலரும் அதைக் கண்டுகொள்வதே இல்லை. கொடுத்தது அகரவரிசை எழுத்தா என்று பார்க்கும் இஸ்ஆல்ஃபா (isalpha) மாதிரி ஃபங்ஷன்களுக்கு 0 முதல் 255 வரையிலான எண்ணையோ கோப்பு முடிந்ததைக் குறிக்கும் இஓஎஃப்-ஐயோதான் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி செயலிகள்) லினக்ஸில் கேர் என்பது குறியுள்ள எண் (-128 முதல் 127 வரை), அதனால் யூடிஎஃப்-8 தமிழ் எழுத்தின் முதல் பைட்டான 224 அங்கே -32 ஆகிவிடுகிறது. பெரும்பாலான லினக்ஸ்களின் சி நூலகமான ஜிலிப்சி, இந்த ஃபங்ஷன்கள் பார்க்கும் அட்டவணையை -128-லிருந்தே வைத்திருப்பதால் பிழை வெளியே தெரியாது. அந்தச் சலுகை இல்லாத இடத்தில் அட்டவணைக்கு வெளியே இருக்கும் நினைவகத்தைப் படிக்கும். ஏஆர்எம் செயலி லினக்ஸிலோ கேர் குறியற்றது (0 முதல் 255 வரை), அங்கே சோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்!

தீர்வு, அன்சைன்ட் (குறியற்ற) கேராக காஸ்ட் செய்வது, அதாவது வகை மாற்றிக் கொடுப்பது. அன்சைன்ட் இன்ட் (குறியற்ற முழு எண்) ஆக மாற்றி பேட்ச் (திருத்தம்) அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், அது எச்சரிக்கையை மட்டும்தான் வாயடைக்கும்.

பிழை எண்ணுக்கு உரிய செய்தியைத் தரும் ஸ்ட்ரெரர்_ஆர் (strerror_r) இன்னொரு தலைவலி. ஜிலிப்சியின் சொந்த வடிவம் பாயின்டரை (செய்தி இருக்கும் நினைவக முகவரி) திருப்பித் தரும், போசிக்ஸ் என்ற யூனிக்ஸ் தரநிலைப்படி இன்ட் வர வேண்டும், ஆல்பைன் லினக்ஸின் சி நூலகமான மஸ்ல் போசிக்ஸ் பக்கம். ஆல்பைனில் மட்டும் கிராஷ் என்று யாராவது புகார் கொடுத்தால் முதலில் இதைத்தான் தேடுவேன்.