வேலூர் போர்வெல் தண்ணீரில் போசெமானி மீன்கள்

வேலூரில் வண்ணமீன் வளர்க்கத் தொடங்குபவர்களிடம், இந்த ஊர்த் தண்ணீர் மீனுக்கு ஆகாது, ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். வானவில் மீன்களில் ஒரு வகையான போசெமானியைப் பொறுத்தவரை இந்தப் பேச்சு சரியல்ல. குழாய் முனையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படியும் சத்துவாச்சாரி போர்வெல் தண்ணீரில்தான் எங்கள் வீட்டுப் போசெமானி மீன்கள் நிறம் குன்றாமல் வளர்கின்றன.

காரணம் அவற்றின் பூர்வீகம். நியூகினித் தீவின் மேற்கே, இந்தோனேசியாவுக்கு உட்பட்ட பகுதியில், சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே உள்ள அயமாரு ஏரிப் பகுதியே இவற்றின் தாயகம். அங்குள்ள நீரும் கடினமானது, காரத்தன்மை உடையது. 1950களில் அங்கே மீன்களைச் சேகரித்த டச்சு மீனியல் அறிஞர் மரினஸ் போசெமானின் பெயரையே 1980இல் இந்த இனத்துக்குச் சூட்டினார்கள். இயற்கையில் இது அழியும் அபாயத்தில் உள்ள இனம் என்பதால், பண்ணையில் பிறந்த மீன்களையே கேட்டு வாங்குவது நம் பொறுப்பு என்று கருதுகிறேன். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் கழிவு கலந்துவிட்ட நிலத்தடி நீருக்கு நான் சொல்வது பொருந்தாது. அது வேறு வகைக் கேடு.

சென்னை கொளத்தூரிலிருந்து நம் ஊர்க் கடைகளுக்கு வரும் குஞ்சுகள் வெளிறிய வெள்ளி நிறத்தில் இருப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏறக்குறைய ஓராண்டு பொறுத்திருந்தால், ஆண் மீனின் முன்பாதி நீலச் சாம்பலாகவும் பின்பாதி பழுத்த ஆரஞ்சாகவும் மாறிவிடும். காலையில் வெளிச்சம் தொட்டியில் விழுந்ததும் ஆண்கள் ஒன்றுக்கொன்று பக்கவாட்டில் நின்று துடுப்புகளை விரைக்கும்போது, நெற்றியிலிருந்து முதுகுவரை ஒரு கோடு பளிச்சென்று ஒளிர்ந்து அடுத்த நொடியே மறையும். பெண் மீன்கள் கூட்டத்தில் இல்லாவிட்டால் இந்த ஒளிர்வை அரிதாகத்தான் காண முடியும்; ஆண்களை மட்டும் பொறுக்கி வாங்குவதில் பயனில்லை.

நம் ஊரில் உண்மையான எதிரி வெயில்தான். சித்திரை, வைகாசியில் தொட்டி நீர் சூடேற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். ஓயாமல் நீந்தும் இந்த மீன்களோ அதிக ஆக்சிஜன் வேண்டுபவை. நீர்ப்பரப்பின் மேல் சிறிய மின்விசிறியை வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால், குறைந்த அளவை நிரப்புவதற்கு மட்டும் ஆர்.ஓ. நீரையோ மழைநீரையோ ஊற்றி, வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றிவிட வேண்டும். போர்வெல்லிலிருந்து வந்தவுடன் அந்த நீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கக்கூடும் என்பதால், ஓர் இரவு வாளியில் ஏர் பம்ப் ஓடவிட்டுப் பிறகு ஊற்றுவது நல்லது.

உயரத்தைவிட நீளம் மிகுந்த, நான்கடித் தொட்டியும் இடைவெளியில்லாத மூடியும் அவசியம். பதற்றமானால் இவை துள்ளி வெளியே விழும். வாய் அகன்று தெரிந்தாலும் தொண்டை குறுகலானது, ஆகவே தீவனம் பொடியாக இருக்கட்டும். பாசிக்கொத்தில் ஒட்டும் முட்டைகள் ஒரு வாரம் பத்து நாளில் பொரிந்துவிடும். குஞ்சு எடுக்க விரும்புபவர்கள் வேறு வானவில் இனங்களை அதே தொட்டியில் சேர்க்க வேண்டாம், ஏனெனில் இவை எளிதில் கலந்து இனப்பெருக்கம் செய்து, அடுத்த தலைமுறையில் இந்த இரட்டை நிறத்தையே இழந்துவிடக்கூடும்.