கொலுசுப் பட்டறையும் சாட்ஜிபிடியும்

சேலத்தில் தொழில்முனைவுப் பாடம் நடத்துவது ஒரு கொடுப்பினை. வெள்ளிக் கொலுசு, ஜவ்வரிசி, இளம்பிள்ளைச் சேலை, ஏற்காட்டுக் காப்பி என்று பாடத்துக்கு வேண்டிய தொழில்கள் எல்லாம் பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில் இருக்கின்றன. ஆனால், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, மாணவர்கள் எழுதித் தரும் திட்டங்களில் ஊரின் சாயல் குறைந்துகொண்டே வந்தது. மொழி மட்டும் பளபளத்தது.

ஒரு குழு கொலுசை இணையத்தில் விற்கத் திட்டமிட்டது. ‘இடைத்தரகர்களை நீக்கிவிட்டுக் கைவினைஞர்களிடம் நேரடியாக வாங்குவோம்’ என்பதுதான் அதன் அச்சாணி. அதை எடுத்துக்கொண்டு, கொலுசுப் பட்டறைகள் இருக்கும் செவ்வாய்ப்பேட்டைக்குப் போகச் சொன்னேன். பட்டறைக்காரர் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். “வெள்ளி என்னுடையது இல்லை கண்ணு. வியாபாரி வெள்ளிக்கட்டி கொடுக்கிறார். கொலுசாக்கிக் கொடுத்துக் கூலி வாங்குகிறேன். அவரை நீக்கிவிட்டால் எனக்கு வெள்ளி யார் தருவது?”

அவர்கள் இடைத்தரகர் என்று எழுதியவர்தான் அங்கே முதலாளி. சேதாரம், கூலி ஆகிய இரண்டு சொற்களும் அந்தத் திட்டத்தில் எங்குமே இல்லை. இவை தெரியாமல் கொலுசுத் தொழிலில் ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது.

செயற்கை நுண்ணறிவை நான் தடுப்பதில்லை. பட்டறைக் குறிப்புகளை, ஆள் பெயர்களை நீக்கிவிட்டு, அதனிடம் கொடுத்து, கறாரான வங்கி மேலாளரைப் போலக் கேள்வி கேட்கச் சொன்னோம். ‘கட்டி வாங்கிய நாளுக்கும் கொலுசு விற்கும் நாளுக்கும் இடையே வெள்ளி விலை இறங்கினால் நட்டம் யாருக்கு?’ என்று கேட்டது. எங்களில் யாருக்கும் தோன்றாத கேள்வி. வழவழப்பான திட்டத்தை எழுதித் தந்ததும் இதே மென்பொருள்தான். இந்த முறை அதற்குச் செவ்வாய்ப்பேட்டை தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அதையே வாடிக்கையாளராக நடிக்க வைத்துப் பேரம் பழகுவதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் வகுப்பில் அது கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு ஒப்புக்கொண்டுவிடுகிறது. கடைவீதியில் பேரம் பேசும் பெண்மணி அப்படிப்பட்டவர் அல்லர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2011இல் தொழில்முனைவோர் ஸ்டீவ் பிளாங்க் தொடங்கிய தொழில்முனைவு வகுப்பிலும் மாணவர்கள் வெளியே போய் வாடிக்கையாளர்களைச் சந்தித்தே ஆக வேண்டும். அந்த விதி இன்று இன்னும் அவசியம் என்று நினைக்கிறேன். அதனால் பாதி மதிப்பெண்ணை நேரில் எடுத்த குறிப்புகளுக்கு மாற்றிவிட்டேன்.

அந்தக் குழு இப்போது வெள்ளி வாங்கப் போவதில்லை. வெளியூர்க் கடைகளின் ஆர்டரை வியாபாரிகளுக்குப் பிடித்துத் தந்து கமிஷன் பெறலாம் என்று திட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். ஒரு வியாபாரி, மாதிரி ஆர்டரோடு வரச் சொல்லியிருக்கிறார்.