கதிர் எங்கே போய் நிற்கிறது: என் புரோட்டான் சிகிச்சை அனுபவம்

மண்டையோட்டின் அடிப்பகுதியில் இருந்த மெனிஞ்சியோமா (மூளையைச் சுற்றியுள்ள உறையில் வளரும் கட்டி) கட்டியை அறுவை சிகிச்சையில் முழுவதும் எடுக்க முடியவில்லை. மிச்சத் துண்டு மூளைத்தண்டை ஒட்டி இருந்தது. அதற்குத்தான் புரோட்டான் சிகிச்சை, அதாவது எக்ஸ்ரேக்குப் பதிலாகப் புரோட்டான் என்ற அணுத்துகள்களைப் பாய்ச்சும் கதிர்வீச்சு சிகிச்சை, பரிந்துரைத்தார்கள். இதைப் பற்றித் தேடிப் படித்தால் பக்கவிளைவே இல்லாத சிகிச்சை என்கிற தோரணையில்தான் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. பக்கவிளைவு எங்கே வரும், ஏன் வரும் என்று எனக்குப் புரியவைத்தது, சிகிச்சைத் திட்டத்தைக் கணக்குப் போட்ட மருத்துவ இயற்பியலாளர். கீழே உள்ளதில் பாதிக்கு மேல் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

எக்ஸ்ரே கதிர் உடலுக்குள் நுழைந்து, வழியெல்லாம் ஆற்றலைக் கொடுத்துக்கொண்டே போய், மறுபக்கம் வெளியேறும். புரோட்டான் வேகமாகப் போகும்வரை குறைவாகத்தான் கொடுக்கும். வேகம் குறையக் குறையக் கொடுப்பது கூடும். கடைசிச் சில மில்லிமீட்டரில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு நின்றுவிடும். இந்தக் கடைசி ஏற்றத்துக்குப் பெயர் பிராக் உச்சம். இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ராபர்ட் வில்சன் 1946-இல் எழுதினார்; 1954-இல் பெர்க்லியில் முதல் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். நிற்கும் இடத்தைத் தாண்டினால் கதிர் கிட்டத்தட்டக் கிடையாது என்பதுதான் இதன் பெரிய லாபம்.

எனக்கு எழுதிய டோஸ் 54 கிரே, ஒரு நாளைக்கு 1.8 வீதம். ஒரு கிரே என்றால் ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல். 54 கிரேயை மொத்தமாக ஒரு கிலோ தண்ணீரில் இறக்கினால்கூட அதன் வெப்பம் நூறில் ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான் ஏறும். இதைக் கேட்டதும் என்னுடன் வந்திருந்த அக்கா, "அவ்வளவுதானா? அப்புறம் எப்படி இது கட்டியைக் கொல்லும்?" என்று கேட்டுவிட்டார். நல்ல கேள்வி. ஆற்றலின் அளவு மட்டும் கணக்கில்லை, அது எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதும் கணக்கு. செல்லின் டிஎன்ஏ இழையில் ஒன்றிரண்டு வெட்டு தள்ளித் தள்ளி விழுந்தால் செல் சரிசெய்துகொள்ளும். ஒரே இடத்தில் குவியலாக விழுந்தால் முடியாது.

இந்த நெருக்கத்தைத்தான் நேரியல் ஆற்றல் மாற்றம் என்கிறார்கள். தோலில் நுழையும்போது புரோட்டான் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தூரத்துக்கு ஒரு கிலோ எலக்ட்ரான் வோல்ட்கூட (ஆற்றலின் மிகச் சிறிய அலகு) கொடுப்பதில்லை. கட்டியின் நடுவில் இரண்டு, மூன்று. நிற்கப்போகும் முனையில் பத்தையும் தாண்டும். ஆனால் திட்டம் போடும்போது புரோட்டானுக்கு எல்லா இடத்திலும் ஒரே பெருக்கம்தான்: எக்ஸ்ரேயைவிட 1.1 மடங்கு வீரியம். சராசரிக்கு அது பொருந்துகிறது. முனையில் வீரியம் அதைவிடக் கூடுதல் என்பதை ஆய்வகத்தில் செல்களை வைத்துப் பார்த்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆக, திட்டத் தாளில் 50 கிரே என்று அச்சாகியிருக்கும் இரண்டு இடங்களில் திசு படும் பாடு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

"அந்த முனை எனக்கு எங்கே விழும்?" என்று கேட்டேன். இயற்பியலாளர் திரையில் இரண்டு வண்ணப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்று டோஸ், இன்னொன்று ஆற்றல் நெருக்கம். பக்கவாட்டிலிருந்து நேராகச் செலுத்தினால் கதிர் மூளைத்தண்டின் விளிம்பில் போய் நிற்கிறது. டோஸ் வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் இரண்டாவது படத்தில் அந்த விளிம்பு முழுக்கச் சிவப்பு. போதாததற்கு, கதிர் எவ்வளவு ஆழத்தில் நிற்கும் என்பதை சிடி ஸ்கேனிலிருந்து கணிக்கும்போது ஏறத்தாழ 3.5 சதவீதமும் அதன்மேல் ஓரிரு மில்லிமீட்டரும் தவறலாம் என்று வைத்துக்கொண்டுதான் திட்டமே போடுகிறார்கள். பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் அது பெரிய தூரம்.

அதனால் கோணங்களை மாற்றினார்கள். பின்பக்கத்திலிருந்து வரும் கதிர்கள் மூளைத்தண்டை உரசினாற்போல் பக்கமாகப் போய், அதைத் தாண்டி முன்பக்கத்தில் நிற்கும். ஆனால் அங்கேயும் சும்மா இடம் கிடக்கவில்லை. மூளையின் நெற்றிப்பொட்டு மடல் (பக்கவாட்டுப் பகுதி), அதன் உட்பகுதி இருக்கிறது. முனையை ஒழித்துவிட முடியாது, எங்கே வைப்பது என்றுதான் தேர்ந்தெடுக்க முடியும். மூளைத்தண்டில் ஒரு புள்ளி கெட்டால் விழுங்குவதே சிக்கலாகலாம். அதற்கு இது பரவாயில்லை என்று டாக்டரும் சொன்னார், எனக்கும் சரி என்று பட்டது.

சிகிச்சை நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முகமூடி போட்டுத் தலையை அசையாமல் பிடித்துவைப்பார்கள், படம் எடுத்துச் சரிபார்ப்பார்கள், கதிர் சில நிமிடம்தான். நடுவில் காது அடைத்ததும் மறுபடி சிடி எடுத்தார்கள். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின் காற்றறைகளில் நீர் கோத்துக்கொண்டால் கதிர் முன்னாலேயே நின்றுவிடும், கட்டியின் ஓரம் தப்பித்துவிடும். எனக்கு நீர் இல்லை.

காதுக்குப் பின்னால் கோடு போட்டதுபோல் ஒரு வட்டத்தில் முடி கொட்டியது, தோல் சிவந்தது. எக்ஸ்ரேயில் தோலின் மேற்பரப்பு கொஞ்சம் தப்பும். புரோட்டானில் அந்தச் சலுகை குறைவு. நுழையும் இடம் என்பதால் இதற்குக் காரணம் வெறும் டோஸ்தான். சோர்வு எதிர்பார்த்ததுதான், ஆனால் சிகிச்சை முடிந்த பிறகும் வெகுநாள் விடவில்லை.

பல மாதம் கழித்து எடுத்த எம்ஆர்ஐயில் நெற்றிப்பொட்டு மடலின் உட்பக்கம் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி. பயந்துதான் போனேன். இரத்த ஓட்டத்தைக் காட்டும் எம்ஆர்ஐயும் எடுத்துப் பார்த்துவிட்டு, கட்டி இல்லை, கதிர்வீச்சால் வந்த மாற்றம் என்றார்கள். இயற்பியலாளர் பழைய படங்களை அதன்மேல் பொருத்திக் காட்டினார். டோஸ் அங்கே மிதம்தான்; கதிர் முனைகள் முடியும் இடம் அது. ஆனால் எக்ஸ்ரே சிகிச்சையிலும் இப்படி வருவதுண்டு, ஒருவர் படத்தை வைத்துக் காரணம் அறுதியிட முடியாது என்று அவரே உடனே சேர்த்துச் சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவர்மேல் நம்பிக்கை கூடியது.

தலைவலி இருந்ததால் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையான டெக்ஸாமெத்தசோன் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். மாத்திரை பசியைக் கிளப்பித் தூக்கத்தைக் கெடுத்தது. அடுத்த ஸ்கேனில் புள்ளி சுருங்கியிருந்தது. இப்போது மிச்சம் இருப்பது ஹார்மோன் இரத்தப் பரிசோதனை. பிட்யூட்டரி சுரப்பிக்கும் ஓரளவு டோஸ் போயிருக்கிறது, அது ஆண்டுகள் கழித்துக்கூட மந்தமாகலாம் என்பதால் வருடா வருடம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.