193 குழுக்கள், 97 வாக்குகள்: ரோமானியக் குடியரசு ஓட்டு எண்ணிய விதம்

ரோமானியக் குடியரசு என்றதும் எல்லோரும் செனட்டைத்தான் பேசுகிறார்கள். தலைமை ஆட்சியாளர்களான கன்சல்களைத் தேர்ந்தெடுத்தது செனட் அல்ல, நூற்றுவர் பேரவை. லத்தீனில் கொமிஷியா செந்தூரியாத்தா. ரோம் எப்படி வளர்ந்தது என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அங்கே தலைகளை எண்ணவில்லை, குழுக்களை எண்ணினார்கள். குழுவுக்கு செந்தூரியா, அதாவது நூற்றுவர் என்று பெயர். ஒவ்வொரு செந்தூரியாவுக்கும் ஒரே வாக்கு. பெயரில் நூறு இருந்தாலும் உள்ளே நூறு பேர்தான் என்ற கட்டாயம் கிடையாது. சொத்துக் கணக்கெடுப்பில் யார் எந்த வகுப்பு என்று முடிவாகும். ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி தரும் கணக்குப்படி முதல் வகுப்புக்கு 1,00,000 அஸ் (ரோமானிய வெண்கல நாணயம்) சொத்து வேண்டும். அடுத்தடுத்து 75,000, 50,000, 25,000, 11,000. முதல் வகுப்பான் தலைக்கவசம், கேடயம், மார்புக்கவசம், கால்கவசம் எல்லாம் சொந்தச் செலவில் கொண்டுவர வேண்டும். ஐந்தாம் வகுப்பானுக்குக் கவணும் கல்லும் போதும். படைக்குச் செலவழிப்பவனுக்கே வாக்கில் எடை அதிகம்.

குதிரைப்படைக்கு 18 குழுக்கள், முதல் வகுப்புக்கு 80. இரண்டு, மூன்று, நான்காம் வகுப்புகளுக்குத் தலா 20, ஐந்தாவதுக்கு 30, ஆயுதம் ஏந்தாதவர்களுக்கு 5. மொத்தம் 193, பெரும்பான்மைக்கு 97 போதும். குதிரைப்படையும் முதல் வகுப்பும் ஒத்துப்போனால் 98. அத்தோடு முடிந்தது, மற்றவர்களைக் கூப்பிடவே மாட்டார்கள். சொத்தில்லாதவர்கள் எல்லோரும் ஒரே குழுவில் அடைபட்டிருந்தார்கள். அந்தக் கடைசிக் குழு ஓட்டுப் போட்டதே அபூர்வம்.

வயதுக்கும் எடை உண்டு. ஐந்து வகுப்புகளிலும் பாதிக் குழுக்கள் 17 முதல் 45 வயதுவரை உள்ளவர்களுக்கு, பாதி அதற்கு மேற்பட்டவர்களுக்கு. முதியவர்கள் எண்ணிக்கையில் குறைவு, குழுக்களோ சரிசமம். அதனால் ஒரு முதியவரின் வாக்கு இளைஞனுடையதைவிடக் கனமானது.

கி.மு. 241-ஐ ஒட்டி ஒரு திருத்தம் வந்தது. குடிமக்களைப் பிரித்திருந்த 35 ட்ரைபு என்னும் பிரிவுகளோடு பொருத்துவதற்காக முதல் வகுப்பு 70 குழுக்களாகக் குறைந்தது. ரோமானிய அரசியல்வாதி சிசரோவின் கணக்கில், அந்த 70-உடன் குதிரைப்படையும், ஆயுதம் ஏந்தாதவர்களில் ஒன்றான தச்சர் குழுவும் சேர்ந்தாலும் 89தான். இன்னும் 8 குழுக்கள் கிடைத்தால்தான் 97. சின்ன மாற்றம் போலத் தெரியும். ஆனால் இரண்டாம் வகுப்பைக் கேட்காமல், மேலே இருப்பவர்கள் மட்டும் கூடி முடிவை நிச்சயப்படுத்த இனி முடியாது. முதலில் ஓட்டுப் போடும் குழுவும் முதல் வகுப்பு இளைஞர் குழுக்களிலிருந்து சீட்டுக் குலுக்கித் தேர்வாயிற்று. அதன் முடிவை உடனே உரக்க அறிவிப்பார்கள். அதைத் தெய்வ சகுனமாக எடுத்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் அதையே பின்பற்றினார்கள்.

செந்தூரியாக்கள் படை அமைப்பு என்பதால் நகரின் புனித எல்லைக்குள் கூட முடியாது; மார்ஸ் திடலில்தான் கூட்டம். அங்கே தடுப்பு கட்டிய இடத்துக்கு ஒவிலே என்று பெயர், அதாவது ஆட்டுப்பட்டி. அதிலிருந்து குறுகிய மரப்பாலம் வழியே ஒவ்வொருவராகப் போய்த் தன் தேர்வைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் வாய்வழி ஓட்டுதான். கேட்பவர் பலகையில் புள்ளி வைத்துக்கொள்வார். சொல்வது எல்லோர் காதிலும் விழும். தனக்குப் படியளக்கும் பெரியவர் பக்கத்தில் நின்றால் எளியவன் என்ன சொல்வான்? கி.மு. 139-இல் கபீனிய சட்டம் தேர்தலில் தேர்வை எழுதிப் போட மெழுகு பூசிய சிறு பலகையைக் கொண்டுவந்தது. 137-இல் வழக்குகளுக்கும், 131-இல் சட்ட வாக்கெடுப்புக்கும் இரகசிய ஓட்டு வந்தது. ஆனாலும் பாலத்தில் ஆட்கள் நின்று பலகையை எட்டிப் பார்த்தார்கள். கி.மு. 119-இல் ட்ரிப்யூனாக, அதாவது எளிய மக்களின் பிரதிநிதியாக இருந்த மாரியஸ் பாலத்தையே குறுக்கச் சட்டம் போட்டார், பக்கத்தில் ஆள் நிற்க இடமில்லாமல். ரோமின் சட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அகலத்தைக் குறைத்து ஒருவனுக்குத் துணிவைக் கொடுத்திருக்கிறார்.

கூட்டம் கலைவதற்கும் வழிகள் இருந்தன. இடி இடித்தால் போதும். இருட்டுவதற்குள் முடிக்காவிட்டாலும் செல்லாது. ஜானிகுலம் குன்றில் கொடி பறக்கும்வரைதான் பேரவை கூடலாம். எதிரி வருகிறான் என்றால் கொடியை இறக்கி எச்சரிப்பது ஆதிகால ஏற்பாடு. வடக்கே இருந்த பழைய எதிரிகளான எட்ருஸ்கானியர் பயம் எப்போதோ போன பிறகும் அந்த விதி உயிரோடிருந்தது. கி.மு. 63-இல் ராபிரியஸ் என்பவரின் தேசத்துரோக வழக்கு பேரவை முன் வந்தபோது, பிரேத்தர் (கன்சலுக்கு அடுத்த அதிகாரி) மெத்தெல்லுஸ் கெலெர் அந்தக் கொடியை இறக்கினார். கூட்டம் கலைந்தது, வழக்கும் அங்கேயே நின்றுபோனது.